ஆடிட்டர் ஆபீஸ்ல என்னதான் கத்துக்கலாம்? - டெல்டாவில் ஒரு சி.ஏ. மாணவரின் இரண்டு ஆண்டுகள்

ஏப்ரல் முதல் வாரம். தஞ்சாவூர் பக்கம் சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்து, வயலில் உளுந்து, பயறு பறிக்கிற நேரம். அதே வாரத்தில் ஏதாவது ஒரு அரசு வங்கிக் கிளைக்குள் போய்ப் பாருங்கள். பின்பக்க மேஜையில் கடன் ஃபைல்கள் அடுக்கி இருக்கும். இருபது, இருபத்தொரு வயதில் இரண்டு பேர் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, ‘சார், இந்த ஃபைல்ல அடங்கல் இல்லையே’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கிளை ஊழியர்களுக்கு அவர்கள் ‘ஆடிட்டர் ஆபீஸ் பசங்க’. சி.ஏ. படிப்பின் பாஷையில் ‘ஆர்ட்டிகிள்டு அசிஸ்டென்ட்’.

என்ஜினீயரிங் மாணவருக்கு இன்டர்ன்ஷிப் என்றால் ஆறு வாரம், எம்.பி.ஏ. மாணவருக்கு இரண்டு மாதம். சி.ஏ. மாணவருக்கு முழுசாக இரண்டு ஆண்டு. இதை முடிக்காமல் எத்தனை மார்க் எடுத்தாலும் பெயருக்கு முன்னால் ‘சி.ஏ.’ போட முடியாது. அந்த இரண்டு ஆண்டைச் சென்னையில் செலவழிப்பதா, சொந்த ஊரில் செலவழிப்பதா என்பதுதான் டெல்டா மாவட்டங்களில் காமர்ஸ் படிக்கிறவர்களின் பெரிய குழப்பம்.

முதலில் அடிப்படை

1949-ம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டத்தின் கீழ், அந்த ஆண்டு ஜூலை 1-ம் தேதி உருவானது ஐ.சி.ஏ.ஐ. பாடத்திட்டம், தேர்வு, பயிற்சி எல்லாம் அதன் பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மூன்று ஆண்டாக இருந்த பயிற்சி இப்போது இரண்டு ஆண்டு. முன்பு இன்டர்மீடியட்டில் ஒரு குரூப் பாஸ் பண்ணினாலே பயிற்சியில் சேரலாம். இப்போது இரண்டு குரூப்பையும் முடித்து, ஐ.டி. மற்றும் ஓரியன்டேஷன் வகுப்புகளையும் முடித்த பிறகுதான் உள்ளே போக முடியும்.

காலம் குறைந்தது நல்ல செய்தி. கூடவே லீவும் குறைந்துவிட்டது. பழைய திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு 156 நாள் வரை விடுப்பு கிடைத்தது. தேர்வுக்குப் படிக்க அதைத்தான் பயன்படுத்துவார்கள். புதிய திட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள், அவ்வளவுதான். பதிலுக்கு, பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். அந்த ஆறு மாதம் முழுக்கப் படிப்புக்கு. யோசித்துப் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடுதான். ஆபீஸில் உட்கார்ந்து டேபிளுக்கு அடியில் புத்தகம் படிக்கிற வழக்கத்துக்கு இது ஒரு முடிவு.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 55 சதவீத மதிப்பெண் இருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். தஞ்சாவூரில் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் கல்லூரி, கும்பகோணத்தில் அரசு கல்லூரி என்று காமர்ஸ் படித்து வெளியே வரும் கூட்டத்துக்கு இந்த வழி எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

டெல்டாவில் ஆடிட் பார்க்க என்ன இருக்கிறது?

‘சென்னைல கம்பெனி இருக்கு, இங்க நெல்லுதானே இருக்கு’ என்பது பொதுவான கிண்டல். ஆனால் அந்த நெல் ஒன்றே வருமான வரி, ஜி.எஸ்.டி., வங்கிக் கடன் விதிகள் மூன்றையும் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குச் சிக்கலானது.

ஒரு விவசாயி தன் வயலில் விளைந்த நெல்லை விற்றால் அது விவசாய வருமானம். மத்திய அரசின் வருமான வரி இல்லை. அதே ஆள் நெல்லைத் தன் சொந்த மில்லில் அரைத்து அரிசியாக விற்றால்? நெல்லின் சந்தை மதிப்பு வரைக்கும் விவசாயம். அதற்கு மேல் வரும் லாபம் வியாபாரம். ஒரே மூட்டைக்குள் இரண்டு வருமானம். இதைப் பிரித்து எழுதுவது ஆர்ட்டிகிள் மாணவரின் முதல் வருட வேலைகளில் ஒன்று. வேறு வருமானமும் இருக்கிறவருக்கு, விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு கொக்கி இருக்கிறது. ‘விவசாயத்துக்குத்தான் வரியே இல்லையே’ என்று சொல்லிக்கொண்டு வருகிற கிளையன்ட்டுக்கு இதைப் புரியவைக்கும் வேலையும் பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழும்.

அடுத்து ரொக்கம். ஒரு வியாபாரி ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ஆனால் விளைவித்த விவசாயியிடமிருந்து விளைபொருளை வாங்கும்போது இந்த விதிக்கு விலக்கு உண்டு. நெல் வியாபாரியிடமோ கமிஷன் ஏஜென்ட்டிடமோ வாங்கினால் விலக்கு இல்லை. எனவே ஒரு ரைஸ் மில்லின் வவுச்சர் கட்டைப் பிரிக்கும் மாணவர், ஒவ்வொரு பேருக்கும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இவர் விளைவித்தவரா, வாங்கி விற்றவரா? ஒரே பேரில் வாரம் நாலு லோடு நெல் வந்திருந்தால், அவ்வளவு நிலம் அவருக்கு இருக்கிறதா? சிட்டா, அடங்கல் நகல் எங்கே? டேலியில் என்ட்ரி போடத் தெரிந்த யாராலும் இதைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்று தெரிந்தவர்தான் கண்டுபிடிப்பார்.

இதோடு டேக்ஸ் ஆடிட் வரம்பையும் சேர்த்துப் பாருங்கள். விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டினால் வியாபாரத்துக்கு வரித் தணிக்கை கட்டாயம். வரவு, செலவு இரண்டிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 10 கோடி. விவசாயிக்குக் கையில் காசாகக் கொடுத்து நெல் வாங்கும் மில்லுக்கு அந்த 5 சதவீதம் எட்டாக்கனி. அதனால்தான் நகரத்தில் ஆடிட்டே தேவைப்படாத அளவிலுள்ள வியாபாரம், டெல்டாவில் செப்டம்பர் மாதம் ஆடிட்டர் ஆபீஸில் வந்து நிற்கிறது.

காணாமல் போன 40 டன்

டேக்ஸ் ஆடிட் அறிக்கையின் 3சிடி படிவத்தில் ஒரு பகுதி, மூலப்பொருள் எவ்வளவு வந்தது, பொருளாக எவ்வளவு வெளியே போனது, விளைச்சல் சதவீதம் என்ன என்று கேட்கிறது. ரைஸ் மில்லுக்கு இதை நிரப்புவது சுவாரசியமான வேலை. கணக்குக்காக ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம்.

ஆண்டு முழுக்க 1,000 டன் நெல் வாங்கியிருக்கிறார்கள். புழுங்கல் அரிசி 640 டன் வந்ததாகப் புத்தகம் சொல்கிறது. அரசுக் கொள்முதல் நெல்லை அரைத்துக் கொடுக்கும் மில்களுக்கு நிர்ணயித்த அளவு, புழுங்கலுக்கு 68 சதவீதம், பச்சரிசிக்கு 67. தனியார் கொள்முதலுக்கு அது கட்டாயமில்லை என்றாலும் ஒப்பிட ஓர் அளவுகோல். அந்தக் கணக்கில் 680 டன் வந்திருக்க வேண்டும். 40 டன் எங்கே?

ஊர் தெரியாதவர் உடனே ‘பில் இல்லாமல் விற்றுவிட்டார்கள்’ என்று எழுதிவிடுவார். டெல்டாவில் வளர்ந்த பிள்ளை முதலில் கேட்பது, நெல் எப்போது வாங்கினீர்கள், ஈரம் எவ்வளவு? 68 சதவீதம் என்பது 17 சதவீத ஈரப்பதத்தை மனதில் வைத்த அளவு. மழைக்கு நடுவே அறுத்த குறுவை நெல் 20 சதவீத ஈரத்தோடு வந்திருந்தால், 1,000 டன் நெல் உண்மையில் 17 சதவீத ஈரக் கணக்கில் சுமார் 964 டன்தான். அதில் 68 சதவீதம் சுமார் 655 டன். அப்படியானால் 25 டன் வெயிலிலும் டிரையரிலும் போய்விட்டது. மீதி 15 டன்?

அதற்குப் பதில் கருக்காயாக இருக்கலாம். குருணை அதிகமாக விழுந்திருக்கலாம். குருணை, தவிடு, உமி விற்ற பில்கள் அதற்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். எதுவும் பொருந்தவில்லை என்றால், கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலே 6 லட்சம் ரூபாய் விற்பனை கணக்கில் வரவில்லை என்று அர்த்தம். மில் முதலாளி ‘தம்பி, இதெல்லாம் எப்பவும் இப்படித்தான் எழுதுவாங்க’ என்பார். அந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவதா, குறிப்பெழுதி ஆடிட்டர் மேஜையில் வைப்பதா என்பதுதான் உண்மையான பயிற்சி. கையெழுத்துப் போடுபவர் ஆடிட்டர். அவர் தரும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் யு.டி.ஐ.என். என்ற தனி எண் உண்டு, அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். ஆனால் அந்த 15 டன்னை முதலில் பார்த்த கண் மாணவருடையது.

26 கிலோ சிப்பம் ஏன்?

மளிகைக் கடையில் 25 கிலோ அரிசி மூட்டை திடீரென்று 26 கிலோ ஆனதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோ வரையிலான பைகளுக்குத்தான் அது. ஒரு கிலோ கூடப் போட்டால் வரி இல்லை. மில்கள் பையை மாற்றின. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தயார் செய்யும் மாணவருக்கு இது ஒரு சின்னத் தலைவலி: 5 கிலோ, 10 கிலோ பை வரிக்கு உட்பட்டது, 26 கிலோ சிப்பம் விலக்கு. இரண்டும் விற்கும் மில், மெஷின் வாங்கியபோதும் பை வாங்கியபோதும் கட்டிய உள்ளீட்டு வரியை முழுசாக எடுக்க முடியாது. விகிதம் போட்டுப் பிரிக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துக் குழம்பும் விஷயம், ஒரு மில்லின் பில் புத்தகத்தைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

மாமாவின் பயிர்க்கடன்

மறுபடி அந்த வங்கிக் கிளைக்கு வருவோம். மார்ச் 31-ம் தேதியோடு வங்கிக் கணக்கு முடியும். அடுத்த சில நாட்களில் வங்கி தேர்ந்தெடுத்த கிளைகளுக்கு ஆடிட்டர்கள் போவார்கள், அவர்களோடு மாணவர்களும். கும்பகோணம், பாபநாசம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று எந்தக் கிளை வேண்டுமானாலும் விழலாம். நாள் குறைவு, ஃபைல் அதிகம், இரவு எட்டு மணி ஆகும்.

இங்கே பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம், எந்தக் கடன் நல்ல கடன், எது வாராக்கடன் என்பது. கடைக்காரர் வாங்கிய கடனில் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் வாராக்கடன். பயிர்க்கடனுக்கு அளவுகோல் நாள் இல்லை, பருவம். நெல் மாதிரி குறுகிய காலப் பயிருக்கு, கெடு தாண்டி இரண்டு பயிர்ப் பருவம் போன பிறகுதான் வாராக்கடன். ஓராண்டுக்கு மேல் பயிர்க்காலம் உள்ள நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம். எந்தப் பயிருக்கு எது பருவம் என்பதை மாநில அளவிலான வங்கியாளர் குழு முடிவு செய்யும். குறுவைக்கு வாங்கினாரா, சம்பாவுக்கு வாங்கினாரா, தாளடியா என்று தெரியாமல் இந்தக் கணக்கைத் தொடக்கூட முடியாது. வட மாநிலத்திலிருந்து வந்த கிளை மேலாளருக்கு அந்த மேஜையில் குறுவையையும் தாளடியையும் விளக்குகிறவர் சில நேரம் இந்த இருபது வயதுக்காரர்தான்.

இயற்கைப் பேரிடர் இன்னொரு அடுக்கு. 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் நினைவிருக்கும். பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்குக் குறையாமல் அறிவிக்கப்பட்ட இடங்களில் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றி எழுத ரிசர்வ் வங்கி விதியில் இடம் உண்டு. அப்படி மாற்றிய கடனுக்குக் கெடு புதிதாக ஆரம்பிக்கும். ஃபைலில் அந்த ஒரு தாள் இருந்தால் அவர் ஒழுங்கான கடன்தாரர்; இல்லாவிட்டால் வாராக்கடன்காரர். அடுத்த கடன் கிடைக்குமா கிடைக்காதா என்பதே அந்தத் தாளில் தொங்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நகைக்கடனை ‘திருப்பி வைக்கிறது’ என்று ஊரில் சொல்வோமே, மார்ச் கடைசியில் பழைய கடன் மூடி, அன்றைக்கோ மறுநாளோ அதே நகைக்கு, கிட்டத்தட்ட அதே தொகைக்குப் புதிய கடன். உண்மையிலேயே பணம் புரட்டிக் கட்டிவிட்டு மறுபடி வைத்தவர்களும் உண்டு. காகிதத்தில் மட்டும் மூடித் திறந்த கணக்குகளும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்வது ஆடிட். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சங்கடம் சென்னை மாணவருக்கு வராது. சின்ன ஊரில் அந்தப் பட்டியலில் தெரிந்த பெயர் வந்துவிடும். தெருவில் ‘மாமா’ என்று கூப்பிடுகிறவரின் கடன் நிலுவை கண்முன் நிற்கும். பார்த்ததை வீட்டில் சொல்லக் கூடாது. கிளையன்ட் தகவலை வெளியே சொல்வது சட்டப்படியே தொழில் ஒழுங்கீனம். சொந்தக்காரர் கணக்கு என்றால் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு அந்த ஃபைலை இன்னொருவரிடம் தள்ளிவிடுவது நல்லது. அம்மா ‘அவங்க எவ்வளவு கடன் வச்சிருக்காங்களாம்?’ என்று கேட்கும்போது ‘தெரியாதும்மா’ என்று சொல்வதற்கும் பயிற்சி வேண்டும்.

சரி, எவ்வளவு கொடுப்பாங்க?

இங்கேதான் வலி. ஒரு காலத்தில் இந்தப் பயிற்சிக்கு மாணவர்தான் ஆடிட்டருக்குப் பிரீமியம் கட்டிச் சேர வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். இப்போது பிரீமியம் வாங்கக் கூடாது, மாணவருக்குத்தான் உதவித்தொகை தர வேண்டும். ஆனால் அந்தக் குறைந்தபட்சத் தொகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 2020-ல் உயர்த்திய அட்டவணைப்படி முதல் ஆண்டுக்கு, 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்தில் மாதம் 4,000 ரூபாய். 4 லட்சத்துக்குக் குறைவான ஊரில் 2,000. தஞ்சாவூர் நகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 2.22 லட்சம். கணக்கு புரிந்திருக்கும். தொகைகள் திருத்தப்படுவதால், ஒப்பந்தம் எழுதும் நாளில் நடப்பில் உள்ள அட்டவணையை ஐ.சி.ஏ.ஐ. தளத்தில் பார்த்துவிடுங்கள். இது குறைந்தபட்சம்தான், கூடக் கொடுக்கத் தடையில்லை. வங்கிக் கணக்கிலோ கிராஸ் செய்த காசோலையாகவோ வர வேண்டும்.

‘டிகிரி முடிச்சிட்டு மாசம் இதுக்கா போற?’ என்று வீட்டில் கேட்பது சகஜம். அந்தக் கேள்வியைத் தவறு என்றும் சொல்ல முடியாது. சென்னையில் பெரிய நிறுவனம் இதைப் போலப் பல மடங்கு கொடுக்கலாம். ஆனால் வேளச்சேரியில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் அதைத் தின்றுவிடும். பாபநாசத்திலிருந்தோ ஒரத்தநாட்டிலிருந்தோ வரும் பெண்ணுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ் இலவசம். வீட்டுச் சாப்பாடு. கணக்குப் போட்டால் கையில் நிற்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வாங்க முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு எந்தக் கணக்கும் உதவாது என்பதும் உண்மை. 2,000, 4,000 என்று பேசும் தொழில், தன் கதவை யாருக்குத் திறந்துவைத்திருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கதவு முன்பும் சுலபமாகத் திறந்ததில்லை. இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர் ஆர்.சிவபோகம், சென்னைக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், 1933-ல் தேர்ச்சி பெற்றார். 1950-களில் ஐ.சி.ஏ.ஐ.யின் தென்மண்டலக் கவுன்சிலுக்கே தலைவராக இருந்தார்.

ஊரில் சேர்ந்தால் என்ன கிடைக்காது?

பெரிய லிஸ்டட் கம்பெனியின் ஆடிட், சர்வதேசத் தரத்தில் எழுதும் கணக்குகள், வெளிநாட்டு நிறுவனங்களுக்கிடையிலான விலை நிர்ணயம், இவையெல்லாம் தஞ்சாவூர் ஆபீஸில் அபூர்வம். 1904-ல் கும்பகோணம் பேங்க்காகத் தொடங்கி இன்றும் தலைமையகம் கும்பகோணத்திலேயே உள்ள சிட்டி யூனியன் பேங்க் மாதிரி விதிவிலக்குகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் அந்த அளவு வேலை கிடைக்காது. பெரிய நிறுவனத்தில் இதற்கு நேர்மாறு: ஒரே கம்பெனியின் ஒரே பகுதியை ஆறு மாதம் பார்ப்பார்கள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஒன்றைக்கூடத் தானாகத் தாக்கல் செய்யாமலே பயிற்சியை முடித்தவர்கள் இருக்கிறார்கள். சொந்தமாகப் பிராக்டிஸ் ஆரம்பிக்கும் எண்ணம் இருந்தால் ஊர் ஆபீஸ் ஒரு படி மேல். கார்ப்பரேட் வேலைதான் இலக்கு என்றால், கடைசி ஆண்டில் 9 முதல் 12 மாதம் வரை ஒரு கம்பெனியில் தொழிற்பயிற்சி எடுக்கும் வாய்ப்பை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளலாம்.

வருமான வரியில் இன்னொரு புதுச் சிக்கல். 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பேச்சு போய் ‘வரி ஆண்டு’ வருகிறது. பழைய ஆண்டு வழக்குகள் பழைய சட்டப்படியே ஓடும். அதனால் இந்த ஆண்டுகளில் பயிற்சியில் இருப்பவர்கள் இரண்டு சட்டத்தின் பிரிவு எண்களையும் மனதில் வைத்திருக்க வேண்டும். சீனியர்களுக்கும் இது புதுசு என்பதால், ஆபீஸில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற அபூர்வமான நேரம் இது.

சேர்வதற்கு முன்

‘டம்மி ஆர்ட்டிகிள்ஷிப்’ என்று ஒன்று ஊருக்கு ஊர் உண்டு. பேர் மட்டும் பதிவு, ஆபீஸுக்கு வர வேண்டாம், உதவித்தொகையும் கிடையாது, கோச்சிங் போய்ப் படித்துக்கொள்ளலாம். பிடிபட்டால் பயிற்சிக் காலமே செல்லாமல் போகலாம். ஆடிட்டர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை வரும். பிடிபடாவிட்டாலும், ஃபைனல் முடித்து முதல் இன்டர்வியூவில் ‘நீங்க பார்த்த ஒரு ஆடிட் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் வழக்கமாக உட்கார வைக்கிறார்களா, வங்கிக்கும் பால் வாங்கவும் அனுப்புவதையே பயிற்சி என்கிறார்களா என்பதையும் அங்கே ஏற்கெனவே இருக்கும் மாணவர்களிடம் கேட்டுவிடுங்கள். விதிப்படி வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரப் பயிற்சி. இடையில் ஆபீஸ் மாறுவது சுலபமில்லை, முதல் தேர்வு சரியாக இருக்க வேண்டும்.

முத்திரைத்தாளில் 102 எண் ஒப்பந்தப் படிவம், அதன் பிறகு 30 நாளுக்குள் ஐ.சி.ஏ.ஐ.யில் 103 படிவம். கல்லூரிப் படிப்பும் கூடவே ஓடினால் 112 படிவம் போட்டு அனுமதி. முடித்ததும் 108. கும்பகோணத்தில் ஐ.சி.ஏ.ஐ. கிளை இருக்கிறது, அருகிலுள்ள ஆபீஸ்கள் பற்றி விசாரிக்க அங்கிருந்து ஆரம்பிக்கலாம். செப்டம்பரில் சேருகிறவர்களுக்கு ஒரு தகவல்: அது டேக்ஸ் ஆடிட் சீசன். முதல் நாளே ஏதாவது ஒரு ரைஸ் மில்லின் வவுச்சர் கட்டு மேஜைக்கு வந்துவிடும், உமித்தூசியோடு.